வாசகர் கேள்விகள்: மின்தொகுப்பின் உடல்நிலையும் நடத்தையும்

மின்தடை, மின்மாற்றி, மின்தொகுப்பு ஆகியவை பற்றி வந்த கடிதங்களிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: 'பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் நிறுத்தப்படும்' என்று நாளிதழில் அடிக்கடி அறிவிப்பு வருகிறது. நாள் முழுக்கப் பராமரித்த பிறகும் அடுத்த வாரமே திடீரென்று மின்சாரம் போகிறது. அப்படியானால் அந்தப் பராமரிப்பில் என்னதான் செய்கிறார்கள்?
— வாசகி, சேலம்

அன்று நடப்பவை பயனுள்ள வேலைகளே. துணை மின்நிலையத்தில் பஸ்பார் எனும் பொது மின்கடத்திச் சட்டங்களின் இணைப்புகளை இறுக்குகிறார்கள், பீங்கான் இன்சுலேட்டர்களைத் துடைக்கிறார்கள், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களை இயக்கிப் பார்க்கிறார்கள், மின்பாதைமேல் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்டுகிறார்கள். ஆனால் வீடுகளில் மின்சாரம் தடைபடுவதற்கான காரணங்களில் பெரும்பகுதி துணை மின்நிலையத்துக்கு வெளியே, 11 கிலோவோல்ட் பீடரிலும் (துணை மின்நிலையத்திலிருந்து தெரு மின்மாற்றிகளுக்கு வரும் பாதை) தெருக்களில் ஓடும் தாழ்வழுத்தக் கம்பிகளிலும்தான் இருக்கிறது. உயர்மின்னழுத்தப் பாதைகள் வலைபோல் பின்னப்பட்டிருப்பதால் ஒரு வழி போனால் இன்னொரு வழி இருக்கும். உங்கள் தெருவுக்கு வரும் பாதைக்குப் பெரும்பாலும் அப்படி மாற்று வழி கிடையாது. எங்கோ ஒரு கிளை முறிந்து விழுந்தாலே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்துச் செய்யும் பராமரிப்பு எல்லாக் கருவிகளும் ஒரே வேகத்தில் தேய்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றின் உப்பு இன்சுலேட்டர்மேல் படிந்து, பனி ஈரம் பட்டதும் மின்சாரம் அதன் பரப்பு வழியே பாய இடங்கொடுக்கிறது. தருமபுரியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஊர்களுக்கும் ஒரே கால இடைவெளி வைப்பதில் ஓரிடத்தில் வேலை குறைகிறது, மற்றோரிடத்தில் வீணாகிறது. மேலும், நன்றாக இருக்கும் கருவியைத் திறந்து மூடுவதாலேயே புதிய பழுதுகள் வருவதும் உண்டு.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடாவது அதில் பாயும் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மின்சாரத்தை நிறுத்திய நாளில் அந்தச் சூடு கண்ணுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. வெப்பப்படக் கேமராவால் முன்தினம் மாலை, சுமை உச்சத்தில் இருக்கும்போது, எல்லா இணைப்புகளையும் படம்பிடித்து, சூடாகத் தெரிந்தவற்றை மறுநாள் மின்தடையில் சரிசெய்வதே அறிவார்ந்த முறை. நிலையறிந்து பராமரித்தல் என்பதன் தொடக்கம் இதுதான். அறிவிப்பில் நேரத்தைச் சொல்வதுடன், சென்ற முறை என்ன கண்டோம், எதைச் சரிசெய்தோம் என்பதையும் மக்களுக்குத் தெரிவித்தால் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பெரிய மின்மாற்றி முழுவதும் மூடிய எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கிறது. திறக்காமலேயே அதன் நிலையை எப்படி அறிகிறார்கள்?
— பாலிடெக்னிக் மாணவர், கோயம்புத்தூர்

எண்ணெய்தான் சாட்சி. உள்ளே எங்காவது அளவுமீறிய வெப்பமோ தீப்பொறியோ தோன்றினால் எண்ணெயின் மூலக்கூறுகள் சிதைந்து வாயுக்களாகி அந்த எண்ணெயிலேயே கரைந்துவிடுகின்றன. சிரிஞ்சில் சிறிதளவு எண்ணெய் எடுத்து ஆய்வகத்தில் அவ்வாயுக்களைப் பிரித்து அளக்கிறார்கள். ஹைட்ரஜன் மட்டும் கூடியிருந்தால் காப்புப் பொருளில் சிறுசிறு மின்கசிவுகள் நடக்கின்றன என்று பொருள். எத்திலீன் மிகுந்தால் எண்ணெய் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. அசெட்டிலீன் தலைகாட்டினால் உள்ளே மின்வில், அதாவது தொடர்ந்து எரியும் வலுவான தீப்பொறி, எரிந்திருக்கிறது என்று அஞ்ச வேண்டும். கார்பன் மோனாக்சைடு செப்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதம் கருகுவதைக் காட்டுகிறது. கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தைச் சேர்ந்த மிஷேல் டுவால் 1974இல் வகுத்த முக்கோண வரைபடம், மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் ஆகிய மூன்றின் விகிதத்தைக் கொண்டே பழுதின் வகையைச் சொல்லிவிடுகிறது. இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஒரு நாளின் அளவைவிட, அளவு ஏறும் வேகமே முக்கியம். பழைய அளவுகளின் ஏடு இல்லாத இடத்தில் புதிய அளவுக்குப் பாதி மதிப்புதான்.

எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்தை, செப்புக் கம்பிச் சுற்றுகளைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. எனவே மின்மாற்றியின் ஆயுள் என்பது அந்தக் காகிதத்தின் ஆயுளே. புதிய காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலியில் சராசரியாக ஆயிரம் கண்ணிகள் இருக்கும். அது 200 அளவுக்குக் குறைந்தால் காகிதம் வலுவிழந்துவிட்டது என்று கொள்கிறார்கள். சுற்றுகளின் மிகச் சூடான புள்ளி 98 பாகை செல்சியசில் இருப்பதை இயல்பான மூப்புக்கான அளவாக வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 6 பாகைக்கும் மூப்பின் வேகம் இருமடங்காகும் என்று பன்னாட்டுத் தரவிதி கணக்கிடுகிறது. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய கோடையில் பகல் முழுக்கச் சூடேறிய மின்மாற்றிக்கு, இரவிலும் குளிர்சாதனங்கள் ஓடுவதால், ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

ஆனாலும், அளப்பது பாதி வேலைதான். லண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் 2025 மார்ச் 20 இரவு 275 கிலோவோல்ட் மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. ஹீத்ரூ விமான நிலையம் மறுநாள் பெரும்பகுதி நேரமும் மூடப்பட்டது. மின்சாரம் தொட்டிக்குள் நுழையும் புஷ்ஷிங் என்ற காப்புக் குழாய்க்குள் ஈரம் புகுந்து அது வெடித்ததே காரணம் என்று பிரிட்டனின் மின்தொகுப்பு இயக்க அமைப்பான நேசோ தன் அறிக்கையில் கூறியது. வேதனைக்குரிய செய்தி அடுத்து வருவது: அதே புஷ்ஷிங்கின் எண்ணெயில் ஈரம் மிகுந்திருப்பது 2018 ஜூலையிலேயே தெரியவந்திருந்தது. அந்த அளவு வந்தால் புஷ்ஷிங்கை மாற்ற வேண்டும் என்ற வழிகாட்டுதலும் இருந்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அது மாற்றப்படவில்லை. அளவு சரியாக இருந்தது, ஆய்வகம் தன் வேலையைச் செய்தது. அந்த எண்ணுக்கும், வேலை உத்தரவில் கையெழுத்திட வேண்டியவருக்கும் இடையில்தான் தொடர்பு அறுந்தது. விமான நிலையத்துக்கோ மூன்று மின்வழிகள் இருந்தன. அவற்றில் ஒன்று போனபோது உள்வலையை மாற்றியமைக்கப் பல மணி நேரம் தேவைப்பட்டதால் மற்ற இரண்டும் உடனே உதவவில்லை. நீங்கள் இத்துறைக்கு வரும்போது எண்ணெய் ஆய்வைக் கற்பதோடு, ஒவ்வோர் அளவுக்கும் யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வழக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டுமென்று விரும்புகிறேன்.

கேள்வி: 2012 ஜூலையில் வட இந்தியா இருளில் மூழ்கியது. எந்தக் கருவி பழுதானது? தமிழ்நாடு மட்டும் எப்படித் தப்பியது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பழுதான கருவி என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதால்தான் அந்த நிகழ்வு இன்றும் ஆராயத்தக்கது. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட மண்டலம் முழுவதும் விழுந்தது. ஏறத்தாழ 36,000 மெகாவாட் சுமை இருளடைந்தது. மறுநாள் நண்பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் சேர்ந்து விழுந்தன. அப்போது 48,000 மெகாவாட். 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நிலப்பரப்பு அது.

இரண்டு நாளும் தொடக்கம் ஒன்றே: மத்தியப் பிரதேசத்தின் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையிலான 400 கிலோவோல்ட் மின்பாதை டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டது. அதற்கு முன்பே பல பாதைகள், சில திட்டமிட்ட பணிகளுக்காகவும், நிறுத்தப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த பாதை பெருஞ்சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது. வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரத்தை இழுத்தன. குறைக்கச் சொல்லி மண்டல மின்சுமைப் பங்கீட்டு மையம் கொடுத்த உத்தரவுகளுக்கு மாநில மையங்கள் போதிய அளவு இணங்கவில்லை. மின்பாதையில் கோளாறு எதுவும் இல்லை. ஆயினும், மிகுந்த சுமையையும் குறைந்த மின்னழுத்தத்தையும் கண்ட தொலைவு ரிலே (பழுதை உணர்ந்து பாதையைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி), எங்கோ தொலைவில் குறுக்குச்சுற்று நேர்ந்திருப்பதாகக் கணக்கிட்டுப் பாதையைத் துண்டித்தது. தனக்கு இடப்பட்ட அமைப்பின்படி அந்த ரிலே செய்ததைக் குற்றமென்று சொல்ல முடியாது. அந்த அமைப்பை நிர்ணயித்தவர்கள் வலையமைப்பு அந்த அளவுக்கு நலிந்த நிலையில் ஓடும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

தஞ்சைத் தரணியில் வாழும் உங்களுக்கு ஏரிச் சங்கிலியைச் சொன்னால் எளிதில் விளங்கும். மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் முழுவதும் கீழ் ஏரிக்கு வந்து, அதன் கரை நன்றாகவே இருந்தாலும் அதையும் உடைக்கும். துண்டிக்கப்பட்ட பாதையின் சுமையும் மறையாது. இயற்பியல் விதிப்படி மற்றப் பாதைகளில் அந்தக் கணமே பரவும், அவற்றின் ரிலேக்களும் அடுத்தடுத்துத் துண்டிக்கும்.

தென் மண்டலம் அப்போது வடக்குடன் ஒரே அதிர்வெண்ணில் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைவுறுகிறது என்ற எண்) இணைந்திருக்கவில்லை. தால்ச்சர்–கோலார் போன்ற நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாகவே மின்சாரம் வந்தது. அவை குறித்த அளவு மின்சாரத்தைக் கடத்துமே தவிர, அங்குள்ள அதிர்வைக் கடத்தா. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்டதும் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடத் தொடங்கியது. காற்றாலை மின்சாரம் மிகும் காலத்தில் அதை வடக்கே அனுப்பவும், தட்டுப்பாட்டின்போது பெறவும் அது பேருதவி. அங்கே நேரும் தடுமாற்றத்தை இங்கேயும் உணர்வோம் என்பது அதற்கு நாம் தரும் விலை.

கேள்வி: 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது என்றார்கள். ஒரு குரங்கால் அது முடியுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

குரங்கு, பாம்பு, அணில், காகம் ஆகியவை உலகெங்கும் மின்நிலையங்களில் குறுக்குச்சுற்று ஏற்படுத்துகின்றன. அத்தகைய பழுது அந்த ஒரு நிலையத்தோடு முடிந்திருக்க வேண்டும். எனவே, ஏன் முடியவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை; நேரம் நண்பகலுக்குச் சற்று முன். அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடியிருந்ததால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் சூரிய மின்னுற்பத்தி மிகுதி. ஆகவே சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. டர்பைன்களின் கனத்த சுழற்சிதான் திடீர் அதிர்ச்சியின்போது அதிர்வெண் சட்டென்று சரியாமல் சில நொடிகள் தாங்கிப்பிடிக்கிறது. கூரைமேல் பொருத்தும் சாதாரண சூரிய மின் இன்வெர்ட்டருக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. மின்னழுத்தம் குலைந்தால் அதுவும் விலகிக்கொள்ளக்கூடும். அந்நிலையில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் விலகியதும் மிச்சமிருந்தவற்றால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நிலக்கரி இயந்திரங்களை மறுபடியும் ஓட்டத்துக்குக் கொண்டுவர நாட்கள் தேவைப்பட்டதால், அடுத்த நாட்களில் சுழற்சிமுறை மின்வெட்டும் வந்தது.

இதைச் சூரிய மின்சாரத்தின் குற்றமென்று சிலர் பேசியதை நான் ஏற்கவில்லை. ஒரு மின்தொகுப்பின் வலு நேரத்துக்கு நேரம் மாறுகிறது. வேலை நாளின் மாலையில் அதே பழுதைப் பெரும்பாலும் தாங்கியிருக்கும். அந்த மாற்றத்தைக் கட்டுப்பாட்டு அறையில் கணந்தோறும் அளந்து, அதற்கேற்ப இயந்திரங்களை ஓட்டத்தில் வைக்க வேண்டும். அயர்லாந்தும் ஒரு தீவுதான். அங்கே சுழலாத மூலங்களிலிருந்து எந்தக் கணத்திலும் 75 விழுக்காடு வரை ஏற்கலாம் என்ற வரம்பைப் பல ஆண்டுச் சோதனைகளால் படிப்படியாக எட்டினார்கள். சுழற்சித் தாங்குதிறனுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மின்கல நிலையங்களும், மின்சாரம் உற்பத்தி செய்யாமல் சுழன்றுமட்டும் கொண்டிருக்கும் ஒத்தியங்கு இயந்திரங்களும் இதற்கு உதவும். குரங்கைத் தடுக்க வேலியும் உறையும் தேவைதான், அவற்றின் செலவு சிறியது.

கேள்வி: எல்லாக் கருவிகளிலும் சென்சார் பொருத்தி, செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தப் பிரச்சினைகள் தீர்ந்துவிடாதா?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

நல்ல அளவீடு பெரும் பயன் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைவிலுள்ள கருவிகளைக் கண்காணிக்கும் வழக்கமான ஸ்காடா முறையில் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் தகவல் வரும். ஜிபிஎஸ் நேரத்தோடு பிணைந்து மின்னலையை அளக்கும் பி.எம்.யு. கருவி இந்தியாவில் நொடிக்கு 25 முறை அளந்து அனுப்புகிறது. அதனால் சென்னைக்கும் தில்லிக்கும் இடையே மின்னலையின் கட்ட வேறுபாடு விரிவதை நிகழும்போதே காண முடிகிறது. அதன் முன்னோடிக் கருவியை 1980களில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் இந்தியாவில் பிறந்த அருண் பாட்கே என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

ஆயினும் 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஓஹியோ மாநில மின் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2.14 மணிக்கு எச்சரிக்கை மென்பொருள் நின்றுபோனது. நின்றதை யாரும் அறியவில்லை. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலமென்று பணியாளர்கள் எண்ணினார்கள். அந்நிறுவனத்தின் பகுதியை மேற்பார்வையிட்ட மண்டல ஒருங்கிணைப்பு அமைப்பில், வலையமைப்பின் நிலையைக் கணித்துச் சொல்லும் மென்பொருளும் அன்று நெடுநேரம் பயன்படாமல் கிடந்தது. இதற்கிடையே 345 கிலோவோல்ட் பாதைகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டு டிரிப் ஆயின. அவற்றில் முதலாவது தன் திறனில் 44 விழுக்காட்டைத்தான் சுமந்துகொண்டிருந்தது! மாலை 4.05க்குப் பிறகு, 2012இல் இங்கே நடந்ததைப் போலவே, சுமையைப் பழுதென்று கருதிய ஒரு ரிலே இன்னொரு பாதையைத் துண்டிக்க, சில நிமிடங்களில் 5 கோடிப் பேர் மின்சாரத்தை இழந்தார்கள்.

எனவே கண்காணிக்கும் மென்பொருளும் கண்காணிக்கப்பட வேண்டிய சொத்துதான். எச்சரிக்கை அமைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கும் வழி வேண்டும். பழகிய தரவுகளில் பயின்ற கணிப்புநெறி, எண்ணெய் வாயுக்களின் ஏற்றத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் நன்றாகவே உதவும். பெரிய மின்தடைகளோ அரிதானவை, ஒவ்வொன்றும் வேறு பாதையில் வருபவை. அவற்றிலிருந்து பயிற்சிக்குப் போதிய தரவு சேராது. உங்களைப் போன்றவர்கள் இத்துறைக்கு வர வேண்டும், ஆனால் முதலில் ஒரு கோடைக்காலம் முழுதும் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணியை உடனிருந்து பாருங்கள்.

கேள்வி: பணம் குறைவாக இருக்கும்போது எந்தக் கருவியை முதலில் மாற்ற வேண்டும்? வயதில் மூத்ததையா?
— வாசகி, திருநெல்வேலி

வயது ஓர் அறிகுறி மட்டுமே. பழுதாகும் வாய்ப்பையும் பழுதானால் நேரும் இழப்பையும் சேர்த்தே வரிசை அமைக்க வேண்டும். பக்கத்தில் இணையாக இன்னொன்று ஓடும் முதிய மின்மாற்றியைவிட, மருத்துவமனைக்கும் குடிநீரேற்று நிலையத்துக்கும் தனியாகச் சுமை சுமக்கும் நடுவயது மின்மாற்றிக்கு முதலிடம் தருவது சரியாக இருக்கலாம். அந்த வரிசையும் ஆண்டு முழுதும் ஒன்றாக இராது. உங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, கயத்தாறு காற்றாலைகளின் மின்சாரத்தைச் சுமக்கும் பாதைகள் முன்னுக்கு வரும், சித்திரையில் சென்னையின் மின்மாற்றிகள் முன்னுக்கு வரும்.

கணக்கில் எளிதில் தவறிப்போகும் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஏதேனும் ஒன்று போனாலும் தாங்க வேண்டும் என்பதே மின்தொகுப்புத் திட்டமிடலின் அடிப்படை விதி. ஆனால் ஒரே காரணம் பலவற்றை ஒருசேர வீழ்த்தும்போது அவ்விதி காப்பதில்லை; 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததை நாம் கண்டோம். ஒரே தயாரிப்பில் ஒரே குறைபாட்டோடு வந்த புஷ்ஷிங்குகள் பல நிலையங்களில் இருப்பதும் அத்தகைய ஆபத்தே. இரண்டாவதாக, இயன் டாப்சன், பெஞ்சமின் கரேராஸ், டேவிட் நியூமன் ஆகியோர் மின்தடை வரலாறுகளை ஆராய்ந்து, மின்தொகுப்பை வலுப்படுத்தினால் அந்த வலுவைப் பயன்படுத்திச் சுமையும் ஏறிக்கொண்டே போகும் என்றும், அதனால் அது மீண்டும் விளிம்பையே நாடும் என்றும் காட்டியிருக்கிறார்கள். புதிதாக ஒரு பாதை அமைத்ததும் அதன் திறன் முழுவதையும் விற்றுவிடாமல் ஒரு பங்கை இருப்பாக வைக்கும் கட்டுப்பாடு அதனால்தான் தேவைப்படுகிறது.

கையிலிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை உதிரிகளுக்கு ஒதுக்கச் சொல்வேன். 400 கிலோவோல்ட் மின்மாற்றியை இன்று பதிவு செய்தால் கைக்கு வர ஓர் ஆண்டுக்கும் மேலாகும்; நூறு டன்னுக்கும் மேற்பட்ட அதை ஏற்றிவரும் பல அச்சு டிரெய்லருக்கு வழியிலுள்ள பாலங்கள் ஒவ்வொன்றும் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு ஒரு பொருந்தும் உதிரி மின்மாற்றியும், சில புஷ்ஷிங் தொகுதிகளும், அவற்றை உலர்ந்த நிலையில் காக்கும் கிடங்கும், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றின்மேலும் அதே எண்ணெய்ச் சோதனையும் இருந்தால், பல மாத இழப்பைச் சில வாரங்களாகக் குறைக்க முடியும்.